வள்ளியின் பரணும் மாமாவின் கரண்ட் வேலியும்



இந்த வாரம் கோயில் தலவரலாறோ விரத முறையோ எழுதப் போறதில்ல. ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டு இருக்குற ஒரு கேள்வியை உங்க முன்னாடி வைக்கலாம்னு நினைக்கிறேன். கொஞ்சம் பெரிய பதிவுதான். பொறுமையா படிங்க.

நாம ஒரு பொருளை வடிவமைக்கும்போது அது யாருக்காக? மனுஷங்களுக்காக மட்டுமா? அதே மண்ணுல வாழுற மத்த உயிர்களையும் கணக்குல வைக்கணுமா? வைக்கணும்னா, அதுக்கு ஆகுற செலவை யார் தலையில கட்டுறது?

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம் ஏரியூர். வேலை பெங்களூர்ல, சாஃப்ட்வேர் கம்பெனி. படிச்சது இன்ஜினியரிங். ஊர்ல "இன்ஜினியர்"னா எல்லாம் தெரிஞ்சவன்னு அர்த்தம். டிவி ஓடலனாலும் கூப்பிடுவாங்க, மோட்டார் ஓடலனாலும் கூப்பிடுவாங்க.

நான் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது லீவுல ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவோட தம்பி, எங்க மாமா, கூப்பிட்டார். அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். கொஞ்சம் கேழ்வரகு, மீதி நிலக்கடலை. கடலை காய் பிடிக்கிற நேரம் பார்த்து காட்டுப்பன்னி கூட்டமா இறங்கும். ஒரே ராத்திரியில பாதிக் காட்டை உழுது போட்டுட்டுப் போயிடும். "மாப்ள, நீ கரண்ட் படிக்கிற பையன். மோட்டார் லைன்ல இருந்து சுத்தி ஒரு கம்பி இழுக்கணும், எப்படின்னு சொல்லு"ன்னார். நான் சொன்னேன். சொன்னது மட்டும் இல்ல, கூட நின்னு கம்பியும் இழுத்தேன். பெருமையா கூட இருந்தது.

மூணாவது நாள் விடியக்காலையில பக்கத்து வீட்டு நாய் அதுல செத்துக் கிடந்தது. பன்னி எதுவும் மாட்டல. நாய்க்குச் சொந்தக்கார அக்கா ஒரு வார்த்தை கூட திட்டல. "அந்த இடத்துல காலையில நான் நடந்து போயிருந்தா என்னப்பா பண்ணுவீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. மாமா அன்னைக்கே கம்பியைச் சுருட்டி வெச்சார். அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.

அதை மறந்துட்டேன்னுதான் நினைச்சேன். 2023 மார்ச் வந்தது.

அந்த மாசம் நம்ம மாவட்டத்துல நடந்தது உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். மார்ச் 7, மாரண்டஅள்ளி பக்கத்துல காளிகவுண்டன் கொட்டாய். ஒரு விவசாய நிலத்துல சட்டவிரோதமா போட்டிருந்த மின்வேலியில சிக்கி மூணு யானைகள் செத்துப் போச்சு. கூட வந்த ரெண்டு குட்டிகள் மட்டும் தப்பிச்சுது. செத்துக் கிடந்த பெரிய யானைகளைச் சுத்திச் சுத்தி அந்தக் குட்டிங்க வந்ததைப் படிச்சுட்டு அன்னைக்கு எனக்கு வேலையே ஓடல. நான் இழுத்ததும் அதே மாதிரி கம்பிதானே?

அடுத்த பதினோராவது நாள், மார்ச் 18, கம்பைநல்லூர் பக்கம் கெலவள்ளி. ஒரு யானை ஏரிக்கரை மேல ஏறுது. மேல போற மின்கம்பி அதோட உடம்புல படுது. அப்படியே சரிஞ்சு விழுது. அந்த வீடியோ என் வாட்ஸ்அப்புக்கு நாலு குரூப்ல இருந்து வந்தது.

இந்த ரெண்டுல எது பெரிய கொடுமைன்னு கேட்டா, எல்லாரும் முதல் சம்பவத்தைத்தான் சொல்வாங்க. நியாயம்தான். அங்க ஒருத்தர் தெரிஞ்சே ஆபத்தான வேலி போட்டார். ஆனா ஒரு இன்ஜினியரா என்னைத் தூங்க விடாதது ரெண்டாவது சம்பவம். ஏன்னா அங்க வில்லன் யாருமே இல்ல. யாரும் யானையைக் கொல்ல நினைக்கல. கம்பம் நட்டவர் ஒழுங்காத்தான் நட்டிருப்பார். மனுஷன் நடந்து போகலாம், வண்டி போகலாம். கணக்கு சரி. அந்தக் கணக்குல இல்லாத ஒரே விஷயம், ஏரிக்கரை மேல ஒரு யானை ஏறி நிக்கலாம்ங்கிறதுதான்.

எங்க வேலையில ஒரு ஆப் செய்றதுக்கு முன்னாடி "யூசர் யாரு"ன்னு எழுதுவோம். அவர் வயசு என்ன, எந்த போன் வெச்சிருக்கார், கண் பார்வை சரியில்லாதவரா, இதையெல்லாம் யோசிப்போம். அந்த லிஸ்ட்ல பேர் இல்லாதவருக்கு அந்த ஆப் சரியா வேலை செய்யாது. கோபம் வந்தா ரிவ்யூல ஒரு ஸ்டார் கொடுத்துட்டுப் போயிடுவார். யானையால ஒரு ஸ்டார் கொடுக்க முடியாது. வரைபடத்துல இல்லைங்கிறதுக்காக அது உலகத்துல இல்லாமலும் போயிடாது. கம்பியில வந்து மோதும்போதுதான் அது இருக்குறதே நமக்குத் தெரியுது.

சரி, அப்போ இனிமே எல்லா உயிரையும் மனசுல வெச்சு வடிவமைப்போம்னு சொல்லி அரோகரா போட்டு முடிச்சிடலாமா? நான் அப்படித்தான் நினைச்சேன். மாமாகிட்ட போய்ப் பேசினதும் அது அவ்வளவு லேசு இல்லைன்னு தெரிஞ்சுது.

"யானையைப் பார்த்து அழறீங்க, சரி. எனக்கு ராத்திரியோட ராத்திரியா கடலை போச்சே, அதைப் பார்த்து எவனாவது அழுதானா? நீ பெங்களூர்ல ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு எல்லா உயிரும் ஒண்ணுங்குற. அந்த உயிருக்கு சோறு போடுறது என் காடு மாப்ள, உன் சம்பளம் இல்ல."

நான் வாயை மூடிக்கிட்டேன். அவர் சொன்னதுல ஒரு பெரிய உண்மை இருக்கு. "இயற்கையோட ஒத்து வாழணும்"ங்கிற வார்த்தையோட விலையைப் பெரும்பாலும் காட்டோரத்து ஏழை விவசாயிதான் கொடுக்கிறார். லைக் போடுறவங்க நாம, ராத்திரி முழிச்சிருக்கிறது அவர். அவரைக் கணக்குல சேர்க்காம யானையை மட்டும் சேர்த்தா, பழைய தப்பையே திருப்பிப் போட்டு செய்றோம். அவ்வளவுதான்.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது புதுசும் இல்ல. ஏரியூர்ல இருந்து நாகமரை பரிசல் துறைக்குப் போய் நின்னு பாருங்க. எதிர்ல கண்ணுக்கு எட்டின வரைக்கும் மேட்டூர் அணையோட தண்ணி. 1925ல ஆரம்பிச்சு 1934ல கட்டி முடிச்ச அணை. 120 அடி வரைக்கும் தண்ணி தேக்கலாம். டெல்டாவுக்கு அது சோறு போட்டுது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா நீர்மட்டம் இறங்குற வருஷங்கள்ல அக்கரையில பண்ணவாடி பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தண்ணிக்கு மேல தலை காட்டும். அந்தத் தண்ணிக்கு அடியில ஊர்கள் இருந்துது. அங்க இருந்த ஜனங்கதான் மேட்டுக்கு ஏறி வந்து மறுபடியும் காடு திருத்தி வாழ்ந்தாங்க.

அதாவது, வரைபடத்துக்கு வெளியில நிக்கிறதுன்னா என்னன்னு நம்ம தாத்தா பாட்டிகளுக்கே தெரியும். அந்த வலி தெரிஞ்ச நாம இன்னொரு உயிரை வெளியில நிறுத்தும்போது கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?

இங்கதான் எனக்கு நம்ம வள்ளியம்மை ஞாபகத்துக்கு வந்தாங்க.

வள்ளி கதையை நாம எப்பவும் காதல் கதையாவே கேட்டிருக்கோம். இந்தத் தடவை அதை ஒரு விவசாயக் கதையா யோசிச்சுப் பாருங்க. தினைப்புனம். நடுவுல உயரமா ஒரு பரண். அதுல கவணோட காவல் இருக்கிறது ஒரு பொண்ணு. கிளி வந்தா கத்தி விரட்டணும், கேட்கலைன்னா கவண் கல். முருகன் முதல்ல வேடனா வந்தார், வேங்கை மரமா நின்னார், கிழவரா வந்தார். கடைசியில அண்ணன் விநாயகர் யானையா வந்து வள்ளியை பயமுறுத்தினார். பயிருக்கு எதிரா காட்டுல இருந்து வர்றவங்க எல்லாருமே அந்தக் கதையில இருக்காங்க, பறவையில இருந்து யானை வரைக்கும்.

வள்ளிக்குக் கொடுத்த வேலை காவல், கொலை இல்ல. கிளியை ஓட்டிட்டா வேலை முடிஞ்சுது. நம்ம முன்னோர்கள் எல்லாம் சாது, எதையும் கொல்லலைன்னு நான் கதை விட வரல. வள்ளியை வளர்த்த நம்பிராஜனே வேடர் தலைவர்தான். ஆனா வேட்டை வேற, காவல் வேற. வேட்டைக்காரர் எதைக் கொல்றோம்னு நேருக்கு நேர் பார்த்துக் கொல்வார். என் கரண்ட் கம்பி எதையும் பார்க்காது. பன்னியா, நாயா, யானையா, பக்கத்து வீட்டு அக்காவா, அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்.

ரெண்டு காவலுக்கும் உள்ள வித்தியாசம் அங்கதான் இருக்கு. பரண் மேல வள்ளி இருந்தாங்க. கண்ணால பார்த்து, வந்தது எதுன்னு தெரிஞ்சு, அதுக்குத் தகுந்த மாதிரி விரட்டினாங்க. கரண்ட் வேலி போட்ட நாங்க வீட்டுல படுத்துத் தூங்கினோம். காவலும் வேணும், தூக்கமும் வேணும். கவனிக்கிற வேலையை நாம செய்யாம விட்டதுக்கு அந்த நாய் விலை கொடுத்தது. கெலவள்ளியிலயும் அதேதான். அந்தக் கரையை ஒரு தடவை யானையோட கண்ணால யாரும் பார்க்கல.

எனக்கு இப்போ புரிஞ்ச வரைக்கும், எல்லா உயிருக்குமான வடிவமைப்புன்னா பெரிய தத்துவம் எல்லாம் இல்ல. விட்டுப்போன கவனத்தைத் திரும்பக் கொண்டு வர்றதுதான். இதுல டெக்னாலஜி எதிரி கிடையாது. சரியா செஞ்சா அதுவே பரண்.

நம்ம தமிழ்நாட்டுலயே உதாரணம் இருக்கு. கோயம்புத்தூர் பக்கம் மதுக்கரை – வாளையார் ரயில் பாதை காட்டு வழியா போகுது. 2021 நவம்பர் 26 ராத்திரி நவக்கரை பக்கத்துல ரயில் மோதி மூணு யானைகள் ஒண்ணா செத்துப் போச்சு. அதுக்கப்புறம் 2024 பிப்ரவரியில மதுக்கரையில ஒரு கட்டுப்பாட்டு அறை திறந்தாங்க. தண்டவாளத்து ஓரமா 12 கோபுரம். இருட்டுலயும் உடம்புச் சூட்டை வெச்சு யானையைக் கண்டுபிடிக்கிற கேமரா. பக்கத்துல யானை வந்தா செயற்கை நுண்ணறிவு அதை அடையாளம் கண்டு தகவல் கொடுக்கும். உடனே ரயில் ஓட்டுநருக்குச் சொல்லி வேகத்தைக் குறைக்க வைப்பாங்க. தண்டவாளத்துக்கு அடியில யானைங்க கடக்குறதுக்குன்னே சுரங்கப்பாதையும் கட்டியிருக்காங்க. இது தொடங்கின முதல் வருஷத்துல அந்தப் பாதையில ஒரு யானை கூட ரயில்ல அடிபடல. நாம தினமும் எழுதுற அதே மாதிரி கோடுதான். யூசர் லிஸ்ட்ல ஒரு பேர் கூடுதலா சேர்த்தாங்க.

இன்னொன்னு கேட்டா சிரிப்பீங்க. நெதர்லாந்துல உட்ரெக்ட்னு ஒரு ஊர். வசந்த காலத்துல மீனுங்க முட்டை போட ஆத்துல மேல போகும். வழியில ஒரு மதகு மூடியிருக்கும். 2021ல தண்ணிக்கு அடியில ஒரு கேமரா வெச்சு இன்டர்நெட்ல விட்டாங்க. உலகத்துல எங்க இருந்து வேணும்னாலும் பார்க்கலாம். மீன் காத்துக்கிட்டு இருந்தா ஒரு பட்டனை அழுத்தணும். மதகுக்காரருக்குத் தகவல் போகும், அவர் திறந்து விடுவார். மீனுக்கு ஒரு காலிங் பெல்! பொழுது போகாம போனை நோண்டுறவங்களை எல்லாம் பரண் மேல உட்கார வெச்சுட்டாங்க பாருங்க.

தேன் கூட காவலாகும். யானைக்குத் தேனீ பிடிக்காது. ஆப்பிரிக்காவுல தோட்டத்தைச் சுத்தி தேன்கூட்டுப் பெட்டிகளைக் கட்டி வேலியா வெக்கிறாங்க. 2021ல நம்ம கதர் கிராமத் தொழில் ஆணையம் கர்நாடகாவுல குடகு மாவட்டத்துல இதை முயற்சி பண்ணுச்சு. நம்ம ஊர் தேனீ ஆப்பிரிக்கத் தேனீ அளவுக்கு மூர்க்கமானது இல்ல, அதனால எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பலன் எதிர்பார்க்க முடியாது. ஆனா வேலியில இருந்து விவசாயிக்குத் தேனும் கிடைக்குது. தேனும் தினைமாவும் யாருக்குப் பிடிச்சதுன்னு நம்ம கூட்டத்துக்கு நான் சொல்லணுமா?

இப்போ ஒரு நண்பர் கேட்கலாம்: "யானை இருந்தாத்தான் காடு, காடு இருந்தாத்தான் காவேரி. கடைசியில இதெல்லாம் நம்ம நல்லதுக்குத்தானே?" உண்மைதான். நம்ம பக்கத்துலயே 2022ல தர்மபுரி, கிருஷ்ணகிரி காடுகளைச் சேர்த்து காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாங்க. அந்தக் காடு காவேரிக்கும் காவல்தான். ஆனா எனக்கு அந்த பதில் மட்டும் போதாது. கெலவள்ளியில விழுந்த யானையால எனக்கு என்ன லாபம்னு கணக்குப் பார்த்தா நான் வருத்தப்பட்டேன்? இல்லையே. அதுக்கும் ஒரு வழி இருந்துது, பசி இருந்துது, போக வேண்டிய இடம் ஒண்ணு இருந்துது. அதைக் கணக்குல எடுக்க அது போதும். சுவாமிமலையிலயும் திருத்தணியிலயும் சன்னதிக்கு முன்னாடி மயிலுக்குப் பதிலா யானை நிக்குது. கல்லுல இருக்குறப்போ தொட்டுக் கும்பிடுறோம், உசுரோட காட்டுக்குள்ள வந்தா கம்பி கட்டுறோம்.

அதுக்காக எல்லா உயிரும் எல்லா நேரமும் சமம்னும் என்னால சொல்ல முடியல. நான் கொசு அடிக்கிறேன். வீட்டுக்குள்ள நல்ல பாம்பு வந்தா குழந்தையைத்தான் முதல்ல தூக்குவேன். மயில் வயல்ல இறங்கினா கல்லெடுத்து விரட்டுற விவசாயியும் முருக பக்தர்தான், அவரைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. காட்டுப்பன்னி விஷயத்துல 2025 தொடக்கத்துல அரசாங்கமே தூரத்தை வெச்சு ஒரு கோடு போட்டுது. காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது, 3 கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சு காட்டுல விடணும், அதைத் தாண்டி வந்தா வனத்துறை சுடலாம். இது சரியா தப்பான்னு வாதாடலாம். ஆனா அதுல பன்னியும் இருக்கு, விவசாயியும் இருக்கார். நான் கேட்கிறதும் அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே மார்க் போட வேண்டாம், ஆனா எல்லாரையும் எண்ணுங்க. எண்ணிப் பார்த்து எடுத்த முடிவு தப்பாப் போனா அதைத் திருத்த முடியும். யாரை எண்ணலைன்னே தெரியாதபோது எதைத் திருத்துறது?

மாமா கதையை முடிச்சிடுறேன். அவர்கிட்ட தத்துவம் பேசுறதை விட்டுட்டேன். போன வருஷம் விதைப்புக்கு முன்னாடி சோலார் வேலிக்கு ஆகுற செலவுல பாதியை நான் கொடுத்தேன். அது மோட்டார் லைன்ல இழுத்த கம்பி மாதிரி இல்ல. பேட்டரியில ஓடுது. நொடிக்கு ஒரு தடவை, கண் இமைக்கிற நேரத்தை விடக் குறைவா ஒரு அதிர்ச்சி கொடுத்துட்டு நின்னுடும். தொட்ட உயிர் துள்ளி விலகிப் போக அந்த இடைவெளி போதும். மோட்டார் லைன்ல அந்த இடைவெளியே கிடையாது, கரண்ட் விடாம போய்க்கிட்டே இருக்கும், தொட்ட உடம்பு அப்படியே இறுகி விட முடியாம போயிடும். சாவுக்கும் சுளீர்னு ஒரு எச்சரிக்கைக்கும் நடுவுல இருக்குறது அந்த ஒரு நொடி ஓய்வு. 2023லேயே தமிழ்நாட்டுல மின்வேலிக்குன்னு தனி விதிகள் வந்தாச்சு. பதிவு பண்ணித்தான் போடணும். அந்த விண்ணப்பத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

நூத்துக்கு நூறு பலன்னு சொல்ல மாட்டேன். ஒரு மூலையில புல் வளர்ந்து கம்பியில பட்டு வேலி வேலை செய்யாம போயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி பன்னி நுழைஞ்சு ரெண்டு பாத்தி போச்சு. மாமா போன் பண்ணித் திட்டினார். அப்புறம் அவரே சொன்னார், "வாரம் ஒரு தடவை சுத்தி வந்து புல்லு அறுக்கணும் மாப்ள. பார்த்துக்கிட்டே இருக்கணும் போல."

பார்த்துக்கிட்டே இருக்கணும். நான் ரெண்டு பக்கத்துக்கு எழுதினதை அவர் ஒரு வரியில சொல்லிட்டார்.

நம்ம குரூப்ல இன்ஜினியர், டிப்ளமோ, ஐடிஐ படிச்சவங்க நிறைய பேர் இருக்கீங்க. வீடு கட்டுறவங்க, லைட் போடுறவங்க, போர் போடுறவங்க, கோடு எழுதுறவங்க. அடுத்த வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூணே கேள்வி கேளுங்க. இந்த இடத்துல எனக்கு முன்னாடி யார் நடந்துக்கிட்டு இருந்தாங்க? நான் செய்றதுக்கான விலையை, வாய் திறந்து கேட்க முடியாத யாராவது கொடுக்கிறாங்களா? முடிச்சுட்டுப் போனப்புறம் யார் வந்து பார்த்துக்குவாங்க? பாதயாத்திரைக்கு அன்னதானப் பந்தல் போடுறவங்களுக்கும் இதே கேள்விதான். நாம குடிச்சுப் போட்ட கப்பும் பிளாஸ்டிக் கவரும் மறுநாள் எந்த மாட்டோட வயித்துக்குள்ள போகும்னு யாராவது ஒருத்தர் பரண் மேல ஏறிப் பார்க்கணும்.

இந்தத் தடவை ஊருக்குப் போனப்போ அந்த அக்கா வீட்டுல ஒரு புது நாய்க்குட்டி இருந்துது. மாமாவோட வேலி ஓரமா மோந்துக்கிட்டே போச்சு, மூக்கு கம்பியில பட்டுது, கீச்சுன்னு கத்திட்டு ஒரே ஓட்டம். அக்கா என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. பத்து வருஷமா என்கிட்ட இல்லாத பதிலை அந்தக் குட்டி சொல்லிட்டு ஓடுச்சு.

உங்க ஊர்ல இந்த மாதிரி நடந்திருந்தா எழுதுங்க. மாத்துக் கருத்து இருந்தாலும் எழுதுங்க, குறிப்பா விவசாயம் பார்க்கிறவங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வள்ளி மணாளனுக்கு அரோகரா!